கரையில் கட்டிய கால்வாய்ப் படகு: காசைப் பூட்டில் போடுவதா, அலாரத்தில் போடுவதா, மரினாவில் போடுவதா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் நாரோபோட் எனும் ஒடுக்கமான, நீளமான கால்வாய்ப் படகு வைத்திருப்பவர்களுக்கு அக்டோபர் கடைசியில் இந்தக் கேள்வி வந்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. கரையில் நடப்பவர்கள் குறைந்துவிடுவார்கள். வார இறுதிக்கு மட்டும் வருபவர்களின் படகுகள் பிப்ரவரி வரை ஆளில்லாமல் கிடக்கும். கையில் ஐந்நூறு பவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எதில் போட்டால் படகு உடைபடாமல் தப்பும்?

படகை எங்கே கட்டுகிறீர்கள் என்பதுதான் முதலில் வரும். அடுத்தது, பூட்டு எதன்மேல் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. பூட்டின் பிராண்ட் அதற்கும் பிறகு. கேமரா கடைசி. பெரும்பாலானவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கேமராவில் ஆரம்பித்துக் காசைக் கரைத்துவிடுகிறார்கள்.

திருடன் எந்த வழியாக வருகிறான் என்று பார்த்தால் காரணம் தெரியும். வழக்கமான நாரோபோட்டின் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, கேபின் சுவர் 4 மில்லிமீட்டர் எஃகு. அதை அறுத்து யாரும் உள்ளே வருவதில்லை. வழி மூன்றுதான்: பின்பக்கக் கதவும் அதன்மேல் சறுக்கி மூடும் ஹேட்ச்சும், முன்பக்கக் கண்ணாடிக் கதவு, ஜன்னல். கருவியும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டடி நீளக் கடப்பாரை, ஒரு போல்ட் கட்டர், இல்லாவிட்டால் கரையில் கிடக்கும் செங்கல். பேட்டரி கிரைண்டரோடு வருபவன் அரிது. அவன் வந்தால் எந்தப் பூட்டும் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. அவனுக்காகத் திட்டம் போட்டால் காசு முழுக்கத் தண்ணீரில்தான். கடப்பாரைக்காரனுக்காகத் திட்டம் போடுங்கள்.

அவன் தேடுவது தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவை: ஜெனரேட்டர், பவர் டூல்ஸ், சைக்கிள், அவுட்போர்டு மோட்டார், லித்தியம் பேட்டரி, சோலார் பேனல், டிவி. நாரோபோட்டையே ஓட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது, ஆனால் குறைவு. மணிக்கு 4 மைல் வேகக் கட்டுப்பாடு, வழியெங்கும் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் லாக் எனும் மதகுகள், எங்கே திருப்பினாலும் ஒரே தண்ணீர்ப்பாதை. எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும்.

எங்கே கட்டுவது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழியைப் பராமரிப்பது கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட். பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பின் இடத்தில் 2012-இல் வந்த அறக்கட்டளை. அதன் லைசென்ஸில் இரண்டு வகைப் படகுகள் உண்டு. ஒன்று, நிரந்தரக் கட்டுமிடம் உள்ளவை. இன்னொன்று, 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியவை. பாதுகாப்புக் கணக்கு இரண்டுக்கும் வேறு வேறு.

டோபாத் என்கிற கரையோர நடைபாதைப் பக்கம் கட்டினால் யாரும் படகின் கைப்பிடி வரை நடந்து வரலாம். செலவில்லை, ஆபத்து அதிகம். எதிர்க்கரையான ஆஃப்சைடில், ஒரு வயலின் ஓரத்திலோ வீட்டுத் தோட்டத்தின் கடைசியிலோ கட்டினால், வருபவன் தனியார் நிலத்தைத் தாண்ட வேண்டும் அல்லது இன்னொரு படகில் வர வேண்டும். இந்த ஒரு வித்தியாசமே பாதிப் பூட்டுக்குச் சமம். கிடைத்தால் விடாதீர்கள்.

மரினா எனும் கட்டணப் படகுத்துறை என்றால் லண்டனுக்கு வெளியே 57 அடிப் படகுக்குப் பல இடங்களில் ஆண்டுக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் பவுண்டு ஆகும். கேட்டும் வேலியும் இருக்கும். ஆனால் கேட்டின் எண் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: குளிர்காலத்தில் பொன்டூனில் (படகுகளைக் கட்டும் மிதவை மேடையில்) குடியிருப்பவர்கள் எத்தனை பேர்? கேட் எண்ணைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கேமராப் பதிவு எத்தனை நாள் இருக்கும்? முதல் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். படகிலேயே வாழும் நாலு குடும்பம் இருக்கிற மரினா, பத்து கேமரா மாட்டி ஆளே இல்லாத மரினாவைவிட எவ்வளவோ மேல்.

இடையில் ஒரு வழி உண்டு, பலர் யோசிப்பதில்லை. நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரஸ்ட் குளிர்காலக் கட்டுமிடங்களை மீட்டர் கணக்கில் விற்கிறது. நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் 14 நாள் கவலை இல்லாமல், மற்ற படகுகளோடு சேர்ந்து ஊருக்குள் நிற்கலாம். ஆளில்லாத மாதங்களுக்கு மட்டும் நல்ல இடத்தை வாங்குவது, ஆண்டு முழுக்க மரினாவுக்குக் கொடுப்பதைவிடப் பல நேரம் புத்திசாலித்தனம்.

டோபாத்தில்தான் நிற்க வேண்டும் என்றால் பாலத்தைப் பாருங்கள். கார் வந்து நிற்கக்கூடிய பாலத்திலிருந்து ஐம்பது, நூறு மீட்டருக்குள் நிற்கும் ஒற்றைப் படகு மோசமான இடத்தில் இருக்கிறது. இருபது கிலோ ஜெனரேட்டரை யாரும் ஒரு மைல் தூக்கிப் போகமாட்டார்கள். வரிசையின் கடைசிப் படகாக நிற்பதும் வேண்டாம், நடுவில் நில்லுங்கள். சில ஊர்களில் பார்வையாளர் கட்டுமிடத்துக்குக் கேட் போட்டு, படகுக்காரர்கள் கால்வாயோர வசதிகளைத் திறக்க வைத்திருக்கும் வாட்டர்மேட் சாவியால் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாவி சில பவுண்டுக்கு யார் கேட்டாலும் கிடைக்கும். குடித்துவிட்டு வருபவர்களை அது தடுக்கும், திருடனைத் தடுக்காது.

கதவு: காசு போக வேண்டிய இடம்

பின்பக்கத்து அமைப்பு எல்லாப் படகிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கதவு மூடிக்கொள்ளும். மேலிருந்து ஹேட்ச் சறுக்கி வந்து அவற்றின் தலையைப் பிடித்துக்கொள்ளும். ஹேட்ச்சில் ஒரு கொண்டி, அதில் ஒரு பூட்டு. முழுப் படகும் அந்த ஒரு கொண்டியில்தான் நிற்கிறது. அந்தக் கொண்டியோ பல படகுகளில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் நாலு மரத்திருகால் மாட்டியிருக்கும். பூட்டு 80 பவுண்டாக இருந்து என்ன பயன்? கடப்பாரை பூட்டைத் தொடுவதே இல்லை. கொண்டியின் அடியில் நுழைந்து ஒரே நெம்பில் திருகுகளோடு பிடுங்கிவிடுகிறது.

மரக் கதவாக இருந்தால் திருகுகளைக் கழற்றிவிட்டு, கதவின் மறுபக்கம் வரை ஊடுருவும் எம்8 (8 மில்லிமீட்டர்) கோச் போல்ட் போடுங்கள். தலை வழவழப்பாக வெளியே, நட் உள்ளே. உள்பக்கம் வெறும் வாஷர் போதாது. 3 அல்லது 4 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் அதே ஓட்டைகள் போட்டு, கதவை நடுவில் வைத்து இறுக்குங்கள். நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போட்டால் எஞ்சின் அதிர்வில் தளராது. மொத்தச் செலவு முப்பது பவுண்டுக்குள், ஒரு பிற்பகல் வேலை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

எஃகுக் கதவாக இருந்தால் கொண்டியை வெல்ட் செய்வதுதான் சரி, ஆனால் எச்சரிக்கை வேண்டும். நாரோபோட் சுவருக்குள் பெரும்பாலும் பாலியூரிதேன் ஸ்ப்ரே ஃபோம் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அது பற்றிக்கொள்ளும், வரும் புகை விஷம். வெல்ட் விழும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவாவது உள் பலகையையும் ஃபோமையும் சுரண்டி எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும். உள்ளே ஓர் ஆள் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் டயோடுகள் போய்விடும். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள்.

அடுத்து கீல். கொண்டியைப் பலப்படுத்தியவர்கள் மறக்கும் இடம் இது. வெளியே தெரியும் கீல் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்கக் கதவு கையோடு வந்துவிடும். வீட்டுக் கதவுக்கு விற்கும் ஹிஞ்ச் போல்ட் கதவுக்கு இரண்டு போட்டால் போதும். கதவு மூடியதும் கட்டை சட்டத்துக்குள் நுழைந்துகொள்ளும், கீல் இல்லாமலும் கதவு அசையாது.

இப்போது பூட்டு. வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண வகை, வளையத்தின் தோள்கள் உடலுக்குள்ளேயே மறைந்த வகை, வளையமே வெளியே தெரியாத வட்டப் பூட்டு என்று மூன்று வகை உண்டு. சாதாரண வகையில் போல்ட் கட்டர் வாய் சுலபமாக நுழையும், அதை விட்டுவிடுங்கள். தோள் மறைந்த வகையில் குறைந்தது 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கடினப்படுத்திய வளையம் இருக்கட்டும். பூட்டுகளைச் சோதித்துத் தரும் சோல்டு செக்யூர் சான்றில் சில்வர் அல்லது கோல்டு, ஐரோப்பியத் தரமான இஎன் 12320-இல் 4-ஆம் தரமாவது பாருங்கள். விலை சுமார் 40 முதல் 90 பவுண்டு. வட்டப் பூட்டு அதற்குரிய கொண்டியோடு மட்டுமே பயன்படும். சாதாரணக் கொண்டியில் மாட்டினால் வளையம் வெளியே தெரிந்து, கொடுத்த காசு வீண்.

கால்வாயில் பூட்டைக் கெடுப்பது திருடனைவிட ஈரம். பித்தளை அல்லது துருவேறாத உடல், கீழே நீர் வடியும் துளை, சாவித் துளைக்கு மூடி, இவை மூன்றும் இருந்தால் நல்லது. எண்ணெய் ஊற்றினால் தூசி சேர்ந்து ஜனவரியில் இறுகும். கிராஃபைட் தூள் அல்லது உலர் பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்ப்ரே போடுங்கள். எல்லாப் பூட்டும் ஒரே சாவியில் திறக்கும்படி வாங்குங்கள். சாவிக்கொத்தில் மிதக்கும் கார்க் உருண்டையோடு ஓர் எஃகு வளையமும் இருக்கட்டும். பித்தளைச் சாவி காந்தத்தில் ஒட்டாது, எஃகு வளையம் ஒட்டும். கார்க் கழன்று சாவி அடியில் போனாலும் காந்தம் விட்டு எடுக்கலாம்.

வெளியே தொங்கும் பூட்டுக்கு மாற்றாக, உள்ளே பொருத்தி வெளியிலிருந்து சாவி போடும் ரிம் லாக் வகை உண்டு. வெளியே பூட்டு தொங்கினால் ‘ஆள் இல்லை’ என்று எழுதி மாட்டியது மாதிரி. உள்பூட்டு எதையும் காட்டிக்கொடுக்காது, நெம்புவதற்கும் பிடி கிடைக்காது. ஆனால் படகின் கதவு ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ரிம் லாக்கின் நாக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலே சிக்கிக்கொள்ளும். எஃகுக் கதவு, தினமும் வந்து போகும் குடியிருப்பவர் என்றால் உள்பூட்டு. மரக் கதவு, மாதத்துக்கு ஒரு முறை வருபவர் என்றால் கொண்டியும் வெளிப்பூட்டும். எங்கள் தேர்வு இதுதான்.

வெளிக் கொண்டி உள்ளவர்கள் படகுக்குள் இருக்கும்போது அந்தப் பூட்டைக் கொண்டியின் வளையத்திலேயே தனியாகப் பூட்டி வையுங்கள். அப்படிச் செய்தால் கொண்டியை யாரும் மடித்துப் போட முடியாது. உள்ளே ஆள் தூங்கும்போது வெளியே கொண்டி போட்டுவிட்டு ஓடும் விளையாட்டு வினையாகிவிடும். அடுப்பும் கேஸும் உள்ள படகில் இரண்டாவது வாசல் எப்போதும் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். அதையும் மீறிச் சாவித் தாழ்ப்பாள் போட்டிருந்தால், ஆள் உள்ளே இருக்கும்போது சாவி கைக்கெட்டும் ஆணியில் தொங்க வேண்டும், கண்ணாடிக்கு வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில்.

முன்கதவுக்கு இது இன்னும் பொருந்தும். வழக்கமாக மேலும் கீழும் ஒரு தாழ்ப்பாள், நடுவில் கண்ணாடி. கண்ணாடியை உடைத்துக் கையை விட்டால் ஐந்து நொடி. கண்ணாடிக்குப் பின்னால் 6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகட்டைத் திருகி மாட்டுங்கள். அக்ரிலிக் வாங்கிவிடாதீர்கள். கடையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அக்ரிலிக் அடிக்கு நொறுங்கும், பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். பெரிய ஜன்னல்களுக்கு உள்பக்கம் 9 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை வெட்டி, திருகு கட்டைகளால் பிடித்துவைத்தால் குளிர்காலத்துக்குப் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. போர்ட்ஹோல் எனும் வட்ட ஜன்னலில் பெரியவர் நுழைவது கஷ்டம், அதில் காசு போட வேண்டாம்.

அலாரம், கேமரா, டிராக்கர்

இங்கே விளம்பரம் சொல்லாத கணக்கு மின்சாரம். எப்போதும் விழித்திருக்கும் 4ஜி கேமரா சுமார் 5 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியர், நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. 110 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், 55. ஐந்தரை நாளில் தீர்ந்துவிடும். 100 வாட் சோலார் பேனல் கூரையில் மட்டமாகக் கிடந்தால் டிசம்பரில் பல நாள் 5 ஆம்பியர்-மணியைக்கூடத் தராது. கரண்ட் இணைப்பு உள்ள மரினாவில் கேமரா சரி. டோபாத்தில் ஆளில்லாத படகில் அது ஒரு வாரத்துக்குள் குருடாகிவிடும், கூடவே பேட்டரியையும் கெடுத்துவிடும்.

30 மில்லிஆம்பியர் மட்டும் இழுக்கும் அலாரம் நாளைக்கு 0.7 ஆம்பியர்-மணி. கணக்குப்படி அதே பேட்டரியில் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும். அதற்கான கம்பியை, படகின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச்சுக்கு முன்னால், பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) சேரும் நீரை இறைக்கும் பம்ப் போலவே, பேட்டரியிலிருந்து நேராக 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு எடுக்க வேண்டும். ஐசோலேட்டரை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, அலாரமும் அதோடு அணைந்துவிடும்.

சென்சாரில் கதவுக் காந்த வகையே நம்பகமானது. உடல் வெப்பம் பார்க்கும் பிஐஆர் வகை, சூடு ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பையும், படகு ஆட ஆடத் தரையில் நகரும் வெயிலையும், லென்ஸில் வலை பின்னும் சிலந்தியையும் ஆள் என்று நினைக்கும். அதிர்வு சென்சார் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஒரு படகு வேகமாகப் போனால் போதும், அலறும். காந்தத்தை எஃகுக் கதவில் நேராக ஒட்டினால் அதன் இழுப்பை எஃகு குடித்துவிடும், இடையில் ஒரு சென்டிமீட்டர் மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ வையுங்கள். சைரனை வெளியே வைப்பதைவிடக் கேபினுக்குள் வையுங்கள். எஃகுப் பெட்டிக்குள் 110 டெசிபெல் சத்தத்தில் நின்று டிவியைக் கழற்ற யாராலும் முடியாது.

பழைய அலாரத்தை யாராவது மலிவாகக் கொடுத்தால் அதன் மோடம் எது என்று பாருங்கள். பிரிட்டனில் 3ஜி வலையமைப்பை நிறுவனங்கள் மூடிவிட்டன. 2ஜியையும் 2033-க்குள் மூடுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. 4ஜி மட்டுமே வாங்கத் தகுந்தது. எஃகுக் கேபின் சிக்னலைத் தடுக்கும், ஆன்டெனா ஜன்னல் கண்ணாடியோரம் இருக்கட்டும். ஜிபிஎஸ் டிராக்கருக்கும் இதே விதி. எஃகுக் கூரைக்கு அடியில் வைத்தால் வானம் தெரியாது.

இவ்வளவும் செய்து இரவு இரண்டு மணிக்குப் போனில் செய்தி வந்தது என்று வையுங்கள். நீங்கள் எண்பது மைல் தள்ளி இருக்கிறீர்கள். போலீஸிடம் ‘கால்வாயில் என் படகு’ என்றால் யாருக்கும் இடம் தெரியாது. கால்வாயின் பெயர், அருகிலுள்ள பாலத்தின் எண், அந்தப் பாலத்துக்குக் கார் வரும் சாலையின் அஞ்சல் குறியீடு மூன்றையும் படகைக் கட்டிய அன்றே எழுதி வையுங்கள். பாலங்களில் எண் பலகை இருக்கும். பக்கத்துப் படகுக்காரரின் எண் அதைவிட நல்லது.

கூரையும் காகிதமும்

கூரையில் இருப்பது எதுவும் உங்களுடையது அல்ல என்று நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளும் ஜெனரேட்டரும் குளிர்காலத்தில் வீட்டுக்குப் போகட்டும். சோலார் பேனலைக் கையால் திருகும் விங் நட்டில் விட்டிருந்தால், இறுக்கியதும் தலை உடைந்துபோகும் ஷியர் நட்டுக்கு மாற்றுங்கள். பொருள்களின் வரிசை எண்ணைப் படமெடுத்து இம்மொபிலைஸ் எனும் இணையப் பொருள் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள், அதற்குக் காசில்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை லைசென்ஸுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்தால் போதும், ஆனால் அது திருட்டுக்கு ஒரு பென்னி தராது. முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். பல பாலிசிகளில் ‘பலவந்தமாக உடைத்து நுழைந்த அடையாளம்’ வேண்டும், கூரையிலிருந்து தூக்கிப் போனது சேராது. ஆளில்லாத படகை இத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் சிலவற்றில் இருக்கும்.

ஐந்நூறு பவுண்டு

மாதத்துக்கு ஒரு முறை வருபவர், டோபாத்தில் நிற்கிறார்: கொண்டியும் பின்தகடும் ஹிஞ்ச் போல்ட்டும் 70, தோள் மறைந்த பூட்டு இரண்டு 120, பாலிகார்பனேட்டும் பிளைவுட்டும் 80. மீதியைக் குளிர்காலக் கட்டுமிடக் கட்டணத்துக்கு வையுங்கள். போதாது என்றால் மேலே போட்டாவது அதை வாங்குங்கள். அலாரம் அடுத்த ஆண்டு.

படகிலேயே வாழ்ந்து பகலில் வேலைக்குப் போகிறவர்: உள்பூட்டு, முன்கதவுக்குப் பாலிகார்பனேட், மீதி 4ஜி அலாரத்துக்கு. தினமும் எஞ்சின் ஓடுவதால் மின்சாரக் கவலை இல்லை. மரினாவில் நிற்பவர் கதவை மட்டும் சரிசெய்துவிட்டுக் காசை மிச்சப்படுத்தலாம்.

உடைத்துவிட்டால்

உள்ளே திருடன் இருக்கலாம் என்று தோன்றினால் ஏறாதீர்கள், அவசர எண் 999-ஐ அழையுங்கள். போய்விட்டான் என்றால் அவசரமில்லாத போலீஸ் எண்ணான 101-இல் புகார் செய்து குற்ற எண் வாங்குங்கள், இன்ஷூரன்ஸ் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் போனை எடுக்கும் முன்னரே பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது கேஸ். அடுப்பையோ ஹீட்டரையோ பிடுங்கியிருந்தால் குழாய் திறந்து கிடக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது, பில்ஜில் தேங்கும். விளக்கு சுவிட்ச்சைக்கூடத் தொடாமல், வெளியிலிருந்தே சிலிண்டரை மூடிவிட்டு, கதவுகளைத் திறந்து காற்றோட விடுங்கள். இரண்டாவது எஞ்சின் அறை. பேட்டரியைத் திருட வந்தவன் பில்ஜ் பம்ப்பின் மின்சாரத்தையும் சேர்த்தே எடுத்துப் போயிருப்பான். எதையாவது தேடி வீட் ஹேட்ச்சின் (புரொப்பல்லரில் சிக்கிய களையை எடுக்கும் துளையின்) மூடியைத் திறந்து சரியாக மூடாமல் விட்டிருக்கவும் கூடும். அப்படியே எஞ்சினைப் போட்டு புரொப்பல்லரைச் சுழற்றினால் தண்ணீர் உள்ளே பொங்கி வரும். மூடியை இறுக்கி, பில்ஜை வாளியால் இறைத்து, ஒரு தற்காலிக பேட்டரியை பம்ப்புக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கதவுக்குப் பலகை அடியுங்கள்.